வாலுவின் துடுப்பில் ஒரு கிழிசல்

வாலை மாடிக்குக் கொண்டுபோகும்போது இருவரும் பேசிக்கொள்ளவில்லை. முன்னால் இடுப்புப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணி ஏறினாள். பின்னால் துடுப்புப் பக்கத்தைத் தாங்கிக்கொண்டு நாத்தனார் வந்தாள். கடற்கன்னி வேடத்துக்கான அந்தச் சிலிகான் வால் தண்ணீருக்குள் இருக்கும்வரைதான் இறகு. வெளியே எடுத்துவிட்டால், தூங்கிப்போன வளர்ந்த பிள்ளையைத் தூக்குவதுபோல் கனக்கும், பிடிக்குப் பிடி நழுவும். படிக்கட்டுத் திருப்பத்தில் ஒருமுறை சுவரில் இடித்தது. சாதாரண நாளாக இருந்தால் அந்த இடத்தில் இருவருக்கும் சிரிப்பு வந்து, வாலைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கியிருப்பார்கள். அன்றைக்கு வரவில்லை. சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த பக்கத்து வீட்டுக்காரர், "இன்னைக்கு மீன் பெருசா மாட்டியிருக்கு போல" என்று தன் வழக்கமான வேடிக்கையைச் சொல்லிப் பார்த்தார். இரண்டு முகங்களையும் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணியை எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரை வைத்தவர் அவளுடைய அப்பா. மேல்நிலைத் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே இறங்கி, அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த மகளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை. வளர்ந்து பெரியவளாகி மீன் காட்சியகத்தில் கடற்கன்னி வேலைக்குச் சேர்ந்து, நிஜமாகவே ஒரு வாலை மாட்டிக்கொண்டு தன் பெண் ஊருக்குக் காட்சி கொடுப்பாள் என்று அவர் எங்கே கண்டார். கல்யாணம் ஆகி வந்த வீட்டிலும் பெயர் கூடவே வந்துவிட்டது. மாமியார் மட்டும் முதல் ஆறு மாதம் மரியாதையாக 'மருமகளே' என்று கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு அவரும் வாலுவுக்கு மாறினார்.

நாத்தனாரை அந்த வேலையில் சேர்த்துவிட்டவள் வாலுதான். கடற்கன்னிக்கு நீச்சல் கண்ணாடி கிடையாது, காற்றுக்குழாய் கிடையாது. இழுத்து வைத்த மூச்சில்தான் எல்லாம். கால்கள் இரண்டும் வாலுக்குள் கட்டுண்டு கிடப்பதால், ஏதாவது ஆனால் அவளாக ஏறி வருவது கஷ்டம். அதனால் காட்சி நடக்கும்போது, பார்ப்பவர்கள் கண்ணில் படாதபடி பாறைக்குப் பின்னால், முதுகில் காற்றுக் கலத்தோடு ஒருவர் காவலுக்கு இருக்க வேண்டும். அந்தக் காவல்தான் நாத்தனாருக்கு. அண்ணி சிரிப்பதும் கையசைப்பதும் முத்தங்களை ஊதுவதுமாக இருப்பாள். இவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அண்ணியையே பார்த்துக்கொண்டிருப்பாள். குடும்பத்தில் வேறு எந்த நாத்தனாராவது அண்ணியை இப்படிக் கவனித்திருப்பாளா என்று வீட்டில் கேலி பேசுவார்கள்.

அந்தக் காவல்காரிதான் இப்போது வாலைக் கிழித்துவிட்டாள்.

வாலுவின் மனதில் அது நடந்த விதம் தெளிவாக இருந்தது. மத்தியானக் காட்சி. தொட்டிக்கு நடுவே சிமென்ட்டில் செய்த செயற்கைப் பாறை. அதில் உட்கார வசதியாக ஒரு திட்டு. அவள் அந்தத் திட்டில் அமர்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண் இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்துக்கொண்டு நின்றது. வாலு தன் உள்ளங்கையை அந்தக் கைக்கு நேராகக் காட்டினாள். பாறைக்குப் பின்னாலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்து, நலமா என்று விரல் வளையம் காட்டிக் கேட்டாள். இவளும் விரல் வளையம் காட்டினாள். அவ்வளவுதான். அடுத்து நாத்தனாரின் கை அவள் அக்குளுக்குள் நுழைந்து வெறிபிடித்ததுபோல மேலே இழுத்தது. எங்கேயோ துடுப்பு மாட்டிக்கொண்டு சர்ரென்று கிழிந்தது. தண்ணீருக்கு மேலே வந்ததும் கன்னத்தில் பளீர் பளீரென்று இரண்டு அறை. பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் அதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியது.

கிழித்ததைக்கூட வாலு பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்த அறையைத்தான் பொறுக்க முடியவில்லை. "ஏண்டி, பைத்தியமா உனக்கு?" என்று அத்தனை ஊழியர்களுக்கு முன்னால் கேட்டாள். நாத்தனார் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளையே பார்த்தாள். மேலாளர் ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டபோது, துடுப்பு பாறையில் மாட்டிக்கொண்டது என்றும், தான்தான் அவசரப்பட்டு இழுத்துவிட்டதாகவும் நாத்தனாரே சொன்னாள். விசாரித்து முடிக்கும்வரை தொட்டியில் இறங்கக் கூடாது என்று அவளைப் பின்கட்டில் மீன்களுக்குத் தீனி நறுக்கும் வேலைக்கு அனுப்பினார் மேலாளர். வாலு ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை. செய்ததற்கு அனுபவிக்கட்டும் என்றிருந்தது.

இருந்தாலும் வாலை ஒட்டுவதற்குத் துணை வேண்டும். ஒற்றை ஆளால் அந்தத் துடுப்பைப் புரட்டக்கூட முடியாது. அதுவும் போக, வேறு யாரிடமும் அதைக் கொடுக்க வாலுவுக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் மறுநாள் தொடங்கிய இரண்டு நாள் விடுமுறையில் இருவரும் மூச்சுக்காட்டாமல் அதைச் சுமந்துகொண்டு படியேறினார்கள்.

சாப்பாட்டு மேசையின் மேல் பழைய போர்வையை விரித்து வாலைக் கிடத்தினார்கள். வால் மேசையைவிட நீளம். இடுப்பு ஒரு முனையில் வாய்பிளந்து கிடந்தது. துடுப்பு மறுமுனையில் நாற்காலியின் மேல் சாய்ந்துகொண்டது. இடது பக்க மடலில்தான் கிழிசல். விளிம்பில் தொடங்கி, உள்ளே பாதங்களை மாட்டும் பிளாஸ்டிக் பலகை வரைக்கும் சாய்வாக ஓடியிருந்தது. சிலிகானுக்கு நடுவே பதித்திருந்த வலைத்துணியும் அறுந்து நூல்நூலாக நீட்டிக்கொண்டிருந்தது. வாலு கிழிசலின் இரண்டு உதடுகளையும் விரலால் சேர்த்துப் பார்த்தாள். சேர்ந்தன. கையை எடுத்ததும் மறுபடி விலகிக்கொண்டன.

மாமியார் மருந்துக்கடையில் கணக்குப் பார்ப்பவர். துடைப்பதற்கு வேண்டிய ஸ்பிரிட்டை அவர் கொண்டுவந்து வைத்திருந்தார். வேலைக்குப் போகும் அவசரத்திலும் மேசையைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, நோயாளியைப் பார்க்க வந்தவர்போல் கிழிசலைக் குனிந்து பார்த்தார். கையில் ஒட்டிக்கொண்டால் சோறு பிசைய முடியாது என்று, தான் பாத்திரம் கழுவும் மஞ்சள் ரப்பர் கையுறைகளில் ஒரு ஜோடியை மருமகளுக்கும் இன்னொரு ஜோடியை மகளுக்கும் எடுத்துக் கொடுத்தார். எப்போதும் ஒருவர் பேச்சை ஒருவர் பிடுங்கிப் பேசும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதை அவர் கவனிக்காமல் இல்லை. வால் கிழிந்த துக்கம் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

சிலிகானில் சிலிகானைத் தவிர வேறு எதுவும் ஒட்டாது. இரண்டு டப்பாக்களில் தனித்தனியாக வரும் கூழைச் சம அளவில் கலந்தால், சில மணி நேரத்தில் அது இறுகி ரப்பராகிவிடும். வாலைச் செய்து கொடுத்த பெண்மணி அப்போதே அந்த டப்பாக்களையும் கொஞ்சம் வலைத்துணியையும் சேர்த்து அனுப்பியிருந்தாள். வாலு கிழிசலின் விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினாள். நாத்தனார் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தாள். கூழைக் கலந்து, கையுறை போட்ட விரல்களாலேயே வழித்து வழித்து அப்பினார்கள். "பிடி." "விடு." "திருப்பு." அன்றைக்கு அந்த வீட்டில் பேச்சு அந்த மூன்று வார்த்தைகள்தான். கடைசியில் வாலு தடவிவிட்டு நிமிர்ந்தபோது வேலை பார்க்க அழகாகவே இருந்தது. நாளைக்குள் இறுகிவிடும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தார்கள்.

காலையில் வந்து தொட்டுப் பார்த்தால், பாகுபோல் விரலோடு வந்தது. எங்கெல்லாம் விரல் பட்டிருந்ததோ அங்கெல்லாம் கூழ் இறுகவே இல்லை. வாலு ஒன்றும் புரியாமல் வாலைச் செய்த பெண்மணிக்குப் போன் செய்தாள். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கையில் என்ன போட்டிருந்தீர்கள் என்று ஒரே கேள்விதான் கேட்டாள். பாத்திரம் கழுவும் கையுறை என்று வாலு சொன்னதும் அந்தப் பக்கத்தில் சிரிப்பு தாங்கவில்லை. ரப்பரைக் கண்டால் இந்தச் சிலிகானுக்குப் பிடிக்காதாம். தொட்ட இடத்தில் கோபித்துக்கொண்டு கூழாகவே இருந்துவிடுமாம். அப்பினதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் கையுறை போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள். கிழிசல் வேறு எங்கேயாவது தொடங்கியிருக்கிறதா என்று வாலை முழுக்கப் புரட்டிப் பார்த்துவிடும்படியும் சொன்னாள்.

"அம்மா குடுத்த சீதனம்" என்றாள் நாத்தனார், மஞ்சள் கையுறைகளைப் பார்த்து. வாலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு சட்டென்று நினைவு வந்ததுபோல் இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டார்கள். ஆனாலும் அறையில் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று சற்று இளகியிருந்தது.

தேக்கரண்டியின் பின்பக்கத்தால் சுரண்டினார்கள். அலுப்பான வேலை. நாத்தனார் சுரண்டிக்கொண்டிருக்க, வாலு இடுப்பிலிருந்து ஆரம்பித்து வாலை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். முன்பக்கம் குறையில்லை. இருவரும் சேர்ந்து வாலைக் குப்புறப் புரட்டினார்கள்.

பின்பக்கத்தில், இடுப்புக்குச் சற்றுக் கீழே, சிராய்ப்பு தெரிந்தது. அது வாலுவுக்குப் புதிதல்ல. திட்டில் உட்கார்ந்து எழும் இடத்தில் எப்போதும் கொஞ்சம் சிராய்க்கும். மாதத்துக்கு ஒருமுறை மேலே மெல்லிசாகப் பூசிக்கொள்வாள். ஆனால் இந்தச் சிராய்ப்பு அங்கே நிற்கவில்லை. சீப்பால் வாரியதுபோல் நெருக்கமான கோடுகளாகத் தொடை, முழங்கால் என்று இறங்கி, கணுக்கால் இருக்க வேண்டிய இடம்வரை போயிருந்தது. செதில் வண்ணம் உரிந்து அடியில் வெள்ளை தெரிந்தது. கோடுகளுக்குள் தொட்டி மணல் பொடிப்பொடியாகப் பதிந்திருந்தது.

இழுத்த இழுப்பில் வந்த கோடுகள் என்றுதான் முதலில் நினைத்தாள். இதற்கும் சேர்த்து ஏதாவது சொல்ல வாயெடுத்தவள், கையை வைத்ததும் நிறுத்திக்கொண்டாள். உரிந்த சிலிகான் ஒவ்வொரு கோட்டிலும் சின்னப் பிசிறாகச் சுருண்டிருந்தது. பிசிறுகள் அத்தனையும் இடுப்புப் பக்கமாக ஒதுங்கியிருந்தன. அவளை மேலே இழுத்திருந்தால் பாறை வாலைக் கீழ்நோக்கி உரித்திருக்கும். பிசிறு துடுப்புப் பக்கம் ஒதுங்கியிருக்கும். இது நேர்மாறாக இருந்தது. பாறை நின்ற இடத்தில் நிற்க, வால் அதன்மேல் உரசிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. திட்டிலிருந்து சரிவு வழியாக மணல் தரை வரைக்கும். அப்படியே நழுவி, நிதானமாக, ஒரு அசைவுகூட இல்லாமல். கொஞ்சம் வாலை ஆட்டியிருந்தாலும் கோடுகள் இத்தனை நேராக விழுந்திருக்காது.

அவளுக்கு அந்த இறக்கம் நினைவில் இல்லை. திட்டில் உட்கார்ந்திருந்தது நினைவிருந்தது. அடுத்தது நாத்தனாரின் கை. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

பாறையில் துடுப்பு மாட்டிக்கொள்ளக்கூடிய ஒரே பிளவு அதன் அடிவாரத்தில்தான் இருக்கிறது என்பதும் அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. திட்டில் உட்கார்ந்திருப்பவளின் துடுப்பு அங்கே எப்படிப் போகும்? முந்தாநாளிலிருந்து இந்தக் கேள்வியை அவள் தன்னிடம் ஏன் கேட்கவில்லை?

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தாள்.

"நான் உனக்குக் கை காட்டினேன்ல?" என்று வாலு கேட்டாள். குரல் சின்னதாக வந்தது. "நல்லாத்தான் இருக்கேன்னு."

"இல்ல அண்ணி."

"அந்தப் பொண்ணு... கண்ணாடில கை வெச்சிருந்துச்சே."

"அது போயி ரொம்ப நேரம் ஆச்சு. அவங்க அம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. நீங்க கைய அப்படியே காட்டிக்கிட்டு இருந்தீங்க."

பிறகு நாத்தனார் நடந்ததைச் சொன்னாள். இரண்டு முறை விரல் வளையம் காட்டிக் கேட்டிருக்கிறாள். பதில் இல்லை. காட்சி நேரத்தில் அண்ணி சில சமயம் கண்டுகொள்ளாமல் இருப்பதுண்டு என்பதால் ஒரு கணம் தயங்கியிருக்கிறாள். அந்தத் தயக்கத்தை நினைத்துத்தான் இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நீட்டியிருந்த கை மெதுவாகத் தாழ்ந்தது. உடம்பு திட்டிலிருந்து வழுக்கிச் சரிவில் இறங்கியது. கண் திறந்தே இருந்தது. வாயில் அந்தக் காட்சிச் சிரிப்பு அப்படியே இருந்தது.

"அந்தச் சிரிப்புதான் அண்ணி" என்றாள் நாத்தனார். "அதைப் பாத்ததும் எனக்கு உசுரே போயிடுச்சு. உள்ள ஆள் இல்ல, சிரிப்பு மட்டும் இருக்கு."

மேலே கொண்டுவந்தபோதும் மூச்சு இல்லை. கன்னத்தில் தட்டி, முகத்தில் ஊதி, மூச்சு விடுங்க மூச்சு விடுங்க என்று கத்தியிருக்கிறாள். வாலு இழுத்து ஒரு மூச்சு வாங்கினாள். கண் நிலைக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, ஏண்டி பைத்தியமா என்பதுதான்.

இதை ஏன் மேலாளரிடம் சொல்லவில்லை என்று வாலு கேட்டாள். வேலையில் சேரும்போதே அவர் சொன்னது இருவருக்கும் தெரியும்: தண்ணீருக்குள் ஒருமுறை மயங்கினவளை அவர் மறுபடி இறக்க மாட்டார். வேலை போனால் அண்ணிக்கு என்ன மிச்சம் என்று நாத்தனார் நினைத்திருக்கிறாள். அதைவிட, அத்தனை பேர் நடுவில் அண்ணி தன்னைத் திட்டியபோது, நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியவில்லை என்று புரிந்துவிட்டது. தெரியாதவளிடம் அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? கிழித்த பழியைத் தான் ஏற்றுக்கொள்வது சுலபமாக இருந்தது. ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் வாலைத் தூக்க மறுபேச்சில்லாமல் உடன் வந்தாள்.

"சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனா?"

"மாட்டீங்க. அதனாலதான் யோசிச்சேன்." நாத்தனார் சற்று நேரம் தன் நகத்தில் ஒட்டியிருந்த கூழைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா நீங்க நம்பலேன்னா, மறுபடி உங்ககூட தண்ணில இறங்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். தீனி நறுக்கியே காலத்தை ஓட்டிருவேன்."

வாலு சுரண்டும் கரண்டியை எடுத்துக்கொண்டாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. இறுகாத கூழைச் சுரண்டிக்கொண்டே, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். சில மாதங்களாக, இறங்குவதற்கு முன்னால் கரையில் உட்கார்ந்து, நாய் இளைப்பதுபோல் வேகவேகமாக நிறைய மூச்சு வாங்கிக்கொள்வாள். அப்படிச் செய்தால் உள்ளே மூச்சு முட்டுவது தாமதமாகத்தான் தெரியும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருக்கலாம். அது தப்பு என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். தெரிந்தேதான் செய்தாள். நாத்தனார் அந்த நேரத்தில் பாறைக்குப் பின்னால் இறங்கியிருப்பாள். அவளுக்குத் தெரிய வழியில்லை.

எதற்கு என்று நாத்தனார் கேட்டாள். காட்சி நேரத்தைக் கூட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லையே.

வாலு யோசித்தாள். ஏதாவது நல்ல காரணமாகச் சொல்லிவிடலாம் என்று தேடிப் பார்த்தாள். குழந்தைகள் ஏமாந்துபோகும் என்று சொல்லலாம். அது உண்மையில்லை.

"கீழ அமைதியா இருக்குடி" என்றாள் கடைசியில். "மேல வந்தா ஆளாளுக்கு ஒண்ணு கேக்கறாங்க. உங்கண்ணன் வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து எல்லாத்துக்கும் என்னையே கூப்பிடறாங்க. கேக்கறது தப்பில்ல. கீழ இருக்கும்போது யாரும் கூப்பிட முடியாது, அவ்வளவுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் அசையும், சத்தம் வராது. மேல வரணுமான்னு இருக்கும். வேற ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் கழிச்சு வரலாமேன்னு இருக்கும்."

நாத்தனார் வலைத்துணியை எடுத்து மடியில் வைத்து நீவினாள். பிறகு, அண்ணிக்கு அமைதியாக இருக்கும் அந்த நேரத்தில் தனக்கு எப்படி இருக்கும் தெரியுமா என்று கேட்டாள். காற்றுக் கலத்தோடு இருப்பவளுக்குத் தண்ணீருக்குள் அமைதியே கிடையாது. தன் மூச்சுச் சத்தம்தான் காதை அடைக்கும். தான் இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும், அண்ணி இந்த மூச்சை இழுக்கவில்லை, இதையும் இழுக்கவில்லை என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். சில மாதங்களாக அந்தக் கணக்கு நீண்டுகொண்டே போனது. அண்ணிக்குப் பழக்கம் கூடிவிட்டது என்று பெருமைகூடப் பட்டிருக்கிறாள்.

"நான் அங்க பக்கத்துலயே இருந்தேன் அண்ணி" என்றாள். "உங்களுக்கு அது யாருமே இல்லாத இடமா இருந்திருக்கு."

குறையாக அவள் சொல்லவில்லை. ஆனால் வாலுவுக்குச் சுருக்கென்றது. பாறைக்குப் பின்னால் ஒரு ஜோடிக் கண் எப்போதும் தன்மேல் இருந்ததை அவள் மறந்தே போயிருந்தாள். நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. இரண்டு பேர் கையும் பிசுபிசுவென்று இருந்தது. முழங்கையால் அவள் முழங்கையை ஒரு இடி இடித்தாள். "அறைஞ்சது மட்டும் கொஞ்சம் ஓவர்" என்றாள். நாத்தனாருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் வேலை வேலையாக நடந்தது. இறுகாத கூழைப் பொட்டு மிச்சமில்லாமல் எடுத்து, நான்கு தடவை துடைத்தார்கள். அறுந்த நூல்களைக் கத்தரித்து, கிழிசலைவிட அகலமாக வலைத்துணியை வெட்டினார்கள். பிளாஸ்டிக் கையுறை போட்டுக்கொண்டார்கள். நாத்தனார் கிழிசலின் இரண்டு விளிம்புகளையும் சேர்த்துப் பிடிக்க, வாலு கூழைத் தடவி, துணியை வைத்து, துணியின் கண்ணுக்குள் கூழ் இறங்கும்வரை குச்சியால் அழுத்தினாள். பலகை முடிகிற இடத்தில்தான் துடுப்பு அதிகம் மடங்கும் என்று அங்கே இன்னொரு துண்டு வைத்தாள். இறுகும்வரை விளிம்பு விலகாமல் இருக்க வேண்டும். நாத்தனார் பிடித்த பிடியை விடாமல் நின்றாள். கை மரத்துப்போனதும் வாலு மாற்றிக்கொண்டாள். வாலு பிடித்துக்கொண்டிருந்தபோது மூக்கு அரித்தது. நாத்தனார் தன் தோளால் அவள் மூக்கைத் தேய்த்துவிட்டாள்.

பின்பக்கத்துக் கோடுகளுக்கும் பூசலாமா என்று நாத்தனார் கேட்டாள். வாலு அதன்மேல் ஒருமுறை உள்ளங்கையை ஓட்டிவிட்டு, மேலாளர் பார்த்த பிறகு பூசிக்கொள்ளலாம் என்றாள்.

மாமியார் வேலை முடிந்து வந்தபோது இருவரும் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்று, ஒட்டிய இடத்தில் பூசும் பச்சை வண்ணத்தில் எவ்வளவு நீலம் கலக்க வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கு நிம்மதியாகப் போயிற்று. செருப்பைக் கழற்றுமுன்பே வாலு அவரை உட்காரச் சொல்லி, கையுறை விஷயத்தை முதலில் சொன்னாள். அடுத்து மற்றதையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை, வேகமாக மூச்சு வாங்கியதையும் சொன்னாள். மாமியார் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தவளுக்கு ஒன்றும் விழவில்லை. பையின் வாரைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர்கிட்ட எப்பப் போறே?"

"நாளைக்கு அத்தை."

"நானும் வரேன்" என்றார் அவர். மகளைப் பார்த்து, "நீ நல்லா அறைஞ்சியா?" என்று கேட்டார். நாத்தனார் தலையாட்டினாள். "சரி" என்றுவிட்டு எழுந்து முகம் கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மருத்துவர் இதயத்தையும் நுரையீரலையும் பார்த்துவிட்டு உடம்பில் கோளாறு இல்லை என்றார். கோளாறு அந்த மூச்சு வித்தையில்தான் என்று கண்டித்துச் சொன்னார். ஒரு மாதம் தண்ணீரில் இறங்காமல் இருந்துவிட்டு மறுபடி வந்து பார்க்கச் சொன்னார்.

மேலாளரிடம் இருவரும் சேர்ந்து போனார்கள். வாலை ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். வாலு அதைக் குப்புறப் புரட்டிக் கோடுகளைக் காட்டினாள். அவர் முதலில் வாலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தன் காட்சியகத்திலேயே, கைதட்டலுக்கு நடுவே அது நடந்திருக்கிறது என்பதை அவரால் சட்டென்று விழுங்க முடியவில்லை. நாத்தனாரிடம், பொய் சொன்னது தப்பு என்றும், இனி அப்படிச் செய்தால் வேலையில் இருக்க முடியாது என்றும் சொன்னார். அதே மூச்சில், நாளையிலிருந்து தொட்டியில் இறங்கு என்றும் சொன்னார். வாலுவை அவர் அனுப்பிவிடுவார் என்றுதான் இருவரும் நினைத்துப் போயிருந்தார்கள். அவர் நெடுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். மருத்துவர் சொல்லும்வரை பார்க்கலாம். அதுவரைக்கும் வெளியில் நின்று குழந்தைகளுக்கு மீன்களைப் பற்றிச் சொல்லு என்றார். அதற்குப் பிறகு இறங்கினாலும் நேரம் பாதிதான், விரல் வளையம் காட்டிக் கேட்டால் உடனே பதில் கை காட்ட வேண்டும், இல்லையென்றால் வாலைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம் என்றார். வாலு சரி என்றாள். அவர் இதை முடிவாகச் சொன்னாரா, பின்னால் மனம் மாறுவாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது என்றுதான் பட்டது.

மறுநாள் மத்தியானம் அவள் முதல்முறையாக, காட்சி நேரத்தில், கண்ணாடிக்கு வெளியே நின்றாள். இத்தனை நாள் வேலை பார்த்தும் அந்த இடத்தில் நின்று அவள் தொட்டியைப் பார்த்ததே இல்லை. இங்கே எவ்வளவு இரைச்சல் என்பதே ஆச்சரியமாக இருந்தது. தள்ளுவண்டிகள், அழும் குழந்தைகள், போன் பேசுபவர்கள், தள்ளி நில் தள்ளி நில் என்று சொல்லும் அப்பாக்கள். உள்ளேயிருந்து பார்த்தபோது அசைந்த வாய்கள் இத்தனை சத்தத்தையா போட்டுக்கொண்டிருந்தன?

கடற்கன்னி வராததால் நாத்தனார் தொட்டியின் உள்பக்கம் கண்ணாடியில் படிந்த பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதுகில் காற்றுக் கலம், கையில் தேய்ப்பான். அவள் விட்ட மூச்சு குமிழ் குமிழாக மேலே போனது. வாலு கையசைத்தாள், நாத்தனார் தேய்ப்பானை ஆட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, மறுபடி மேலிருந்து கீழே. வாலு பார்த்துக்கொண்டே நின்றாள். நான்கைந்து இழுப்புக்கு ஒருமுறை நாத்தனாரின் தலை தானாகத் திரும்பியது. திட்டைப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை; இரண்டு கோடுபோட்ட மீன்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. தலை மறுபடி வேலைக்குத் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் திட்டு. அவள் அதைத் தெரிந்து செய்வதாகவே தோன்றவில்லை.

பக்கத்தில் நின்ற பையன் ஒருவன் வாலுவின் சட்டையில் குத்தியிருந்த காட்சியக அட்டையைப் பார்த்துவிட்டு, கடற்கன்னி எங்கே என்று கேட்டான். அவளுக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாளில் வருவாள் என்றாள் வாலு. அப்படியானால் உள்ளே இருப்பது யார் என்று அவன் கேட்டான். வாலு கண்ணாடிக்கு இன்னும் கிட்டே போய் நின்றுகொண்டு, அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.